மலைச்செடியை மையால் எழுத: எந்தத் தாள், எந்த மை, எந்தச் செடி?

"அக்கா, மூவாயிரம் ரூபாய் எடுத்து வச்சிருக்கேன். இந்த செட்டை வாங்கலாமா?"

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் பெண் கேட்டாள். வங்கி வேலை, ஞாயிறு மட்டும்தான் அவளுக்குக் கை ஓயும். கைபேசியில் ஒரு பெட்டியைக் காட்டினாள். மூடியில் டிராகன். உள்ளே சிவப்புப் பட்டு விரித்து நாலு தூரிகை, விரல் நீளத்துக்கு ஒரு மைக்கட்டி, அதை உரைக்க ஒரு கல், பெயர் பொறித்துக்கொள்ள ஒரு முத்திரை. நிச்சயதார்த்தத் தட்டு மாதிரி அடுக்கியிருந்தார்கள்.

வாங்காதே என்றேன். ஏன் என்று கேட்டாள். வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சீன, ஜப்பானிய முறையில் தூரிகையும் மையும் வைத்துச் செடி வரையப் பழகி ஏழெட்டு வருஷம் ஆகிறது. அதே போன்ற ஒரு பெட்டியை நானும் வாங்கி ஏமாந்தவள்தான். இரண்டாவது வாரமே தூரிகையிலிருந்து முடி கொட்டியது, மைக்கட்டி நாறியது. ஆனால் என் குறை அதுவல்ல. அந்தப் பெட்டியில் எல்லாம் இருந்தது, தாள் மட்டும் இல்லை. இந்தக் கலையில் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது தாள். எல்லாரும் தூரிகையில் ஆரம்பித்து மைக்கு வந்து, கடைசியில் வீட்டில் கிடந்த சார்ட் பேப்பரில் வரைந்து பார்த்துவிட்டு "எனக்கு வரலை" என்று மூடி வைத்துவிடுகிறார்கள்.

ஊறும் தாள், ஊறாத தாள்

கடையில் "ரைஸ் பேப்பர்" என்று விற்பதில் அரிசி கிடையாது. இவ்வகைத் தாள்களில் பேர் பெற்றது சீனாவின் ஆன்ஹுய் மாகாணத்தில் ஜிங் வட்டாரத்தில் செய்யும் சுவான் தாள். நீலச் சந்தனம் என்று சொல்லப்படும் ஒரு மரத்தின் பட்டையும் நெல் வைக்கோலும் சேர்த்துச் செய்வது. அந்த மரத்துக்கும் நம் சந்தனத்துக்கும் பெயர் ஒற்றுமை தவிர உறவில்லை. அதைச் செய்யும் கைத்தொழிலை 2009ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இதிலேயே இரண்டு வகை. ஒன்று பசையூட்டாதது. மை பட்டதும் குடித்துவிடும். மற்றொன்றுக்குப் படிகாரமும் பசையும் கலந்த நீரைப் பூசியிருப்பார்கள். மை மேலேயே நிற்கும். கடைக்காரருக்கே பல நேரம் வித்தியாசம் தெரியாது. விரலை நனைத்து ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள். உடனே கறுத்து உள்ளே போனால் ஊறும் தாள். முத்துப்போல் நின்றால் ஊறாதது.

ஊறும் தாளின் குணத்தைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். கோலம் போட்டவர்களுக்கு மட்டும் சுலபம். விரலிடுக்கில் மாவு இறங்கிக்கொண்டிருக்கும்போது கை தயங்கினால் அந்த இடத்தில் மாவு குவிந்துவிடும் இல்லையா? அதேதான். தூரிகை ஒரு நொடி நின்றால் வட்டமாகக் கறை விரியும். வேகமாக இழுத்தால் நடுவில் வெள்ளை வெள்ளையாக விட்டுப்போகும். ஒரு தீட்டலின் மேல் இன்னொன்றைப் போட்டால் முதலில் போட்டதன் விளிம்பு அடியில் தெரிந்துகொண்டேயிருக்கும். எது முன்னால் விழுந்தது, எது பின்னால் விழுந்தது, எங்கே கை நடுங்கியது, எல்லாமே அதில் பதிவாகும். அழிக்க வழியில்லை. இதற்காகவே சிலர் இதை வெறுக்கிறார்கள், இதற்காகவே சிலர் வேறு தாளைத் தொடுவதில்லை.

ஊறாத தாள் என்றால் நமக்குச் சுலபமாகக் கிடைப்பது 300 ஜி.எஸ்.எம். வாட்டர்கலர் தாள், ஐவரி போர்டு, தபால் அட்டை. மை மேலே தேங்கி நிற்பதால் பிழையைத் துணியால் ஒற்றி எடுக்க நேரம் கிடைக்கும். காய்ந்த பின் சுருங்காது, நேராகச் சட்டம் போட்டுவிடலாம். சொரசொரப்பான தாளில் காய்ந்த தூரிகையை இழுத்தால் மரப்பட்டை தானாக வந்துவிடும். இழப்பு வேறிடத்தில். ஒரே தீட்டலில் இலை நுனியில் அடர்ந்து, அடியில் வெளிறி மறைய வேண்டும் என்றால் இந்தத் தாள் ஒத்துழைக்காது. மை ஒரு மூலையில் குளமாகச் சேர்ந்து, விளிம்பில் கறுப்புக் கோடு கட்டிக் காயும். ஓரம் வெட்டி ஒட்டிய இலை மாதிரி இருக்கும்.

தபால் அட்டையைக் குறைவாக நினைக்க வேண்டாம். 1924ல் தாகூரோடு சீனாவும் ஜப்பானும் போய் வந்த ஓவியர் நந்தலால் போஸ் வாழ்நாள் முழுக்க அட்டைகளில் மையால் சின்னச் சின்னப் படங்கள் போட்டு நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். செடி, மாடு, நடந்து போகிற ஆள் என்று கண்ணில் பட்டதெல்லாம் அதில் ஏறியது. இடம் சின்னதாக இருப்பதால் கை நாலே தீட்டலில் முடிக்கப் பழகும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு கூட்டம் உண்டு. நேபாளத்து லோக்தா, ஜப்பானிய கோசோ, பருத்தித் துணிக் கழிவில் செய்யும் நம்மூர்க் கைக்காகிதம். லோக்தா இமயமலைப் புதர் ஒன்றின் பட்டையிலிருந்து வருவது. நார் கண்ணுக்குத் தெரியும். மை அந்த நார் வழியே கொஞ்சம் ஓடி, பிறகு நின்றுவிடும். ஊறும், ஆனால் மன்னிக்கும். நார் வலுவானது என்பதால் பத்துத் தீட்டலுக்கும் கிழியாது. கைக்காகிதம் ஒவ்வொரு கட்டுக்கும் ஒவ்வொரு மாதிரி. ஒரு தாள் வாங்கிச் சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மீதியை வாங்க வேண்டும்.

இப்போது மலைக் கணக்கு. சமவெளியில் இருப்பவர்கள் எழுதி வைத்த யோசனை எதுவும் இங்கே அப்படியே பொருந்தாது. ஐப்பசி கார்த்திகையில் கோத்தகிரியில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்போது சுவான் தாள் காற்றிலிருந்தே பாதி ஈரத்தைக் குடித்துவிட்டிருக்கும். அரிசி அளவு புள்ளி வைத்தால் அவரைக்கொட்டை அளவுக்கு விரியும். அதே தாள் தை மாசம், காலையில் புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடக்கிற நாளில், வேறு தாளாகிவிடும். கோடு போட்டு முடிப்பதற்குள் அதன் தொடக்கம் காய்ந்திருக்கும். ஒரே கட்டில் இரண்டு வகைத் தாள் வாங்கியதாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். நான் மழை நாளில் லோக்தாவும், வெயில் நாளில் சுவானும் எடுக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஊறும் தாளை மழைக்காலத்தில் தொடவே வேண்டாம். முதல் நாலு வாரத்தில் மனசு விட்டுப்போகும்.

இன்னொரு செலவை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சுவான் தாள் வரைந்து காய்ந்ததும் கசங்கிய வேட்டி மாதிரி சுருங்கிக்கொள்ளும். பின்னால் இன்னொரு தாளைப் பசை தடவி ஈரத்தோடு ஒட்டி, பலகையில் இழுத்துக் காயவைத்தால்தான் நிமிரும். இதைச் செய்து கொடுக்கும் ஆள் எனக்கு இந்த மலையில் கிடைக்கவில்லை. ஒரு தடவை சட்டம் போடும் கடையில் கொடுத்தேன். நல்ல மனசோடுதான் செய்தார். மரப்பசையைத் தடவிப் பிளைவுட்டில் அழுத்திவிட்டார். என்னுடைய பெரணிச் செடிப் படம் அன்றிலிருந்து பலகைதான். பிறகு நானே கற்றுக்கொண்டேன். மாவைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, நிதானமாகக் காய்ச்சிய கூழ் போதும். சுவரொட்டிக்காரர்கள் பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். அதை இதில் போடாதீர்கள், காலப்போக்கில் தாளைக் கெடுக்கும்.

மை: கட்டியா, குப்பியா

மைக்கட்டி நமக்கு அந்நியமான பொருளில்லை. என் பாட்டி ஆமணக்கெண்ணெய் விளக்கின் மேல் செம்புத் தட்டைக் கவிழ்த்து, அதில் படியும் கரியைச் சுரண்டிக் கண்மை செய்வாள். சீனர்கள் அதே விளக்குக் கரியை விலங்குப் பசையோடு பிசைந்து, தட்டி, அச்சில் வார்த்துக் காயவைத்தார்கள். எண்ணெய்க் கரியில் செய்த கட்டி பளபளப்பான, கொஞ்சம் பழுப்புச் சாயல் உள்ள கருப்பு தரும். பைன் மரக் கரியில் செய்தது மங்கலாக, நீலம் கலந்தது போல இருக்கும். மூடுபனி வரைய எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

கட்டியைக் கல்லில் நீர் விட்டு வட்டமாக உரைக்கப் பத்து நிமிஷம் ஆகும். வேகமாக உரைத்தால் மை கரகரப்பாகிவிடும். இந்தப் பத்து நிமிஷத்தைத் தியானம் என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு அது தியானமாக இருந்ததில்லை, பெரும்பாலும் அடுப்பில் பால் வைத்த ஞாபகம்தான் வரும். ஆனால் உரைத்த மையில் நீர் கூட்டிக் குறைத்து எடுக்கும் சாம்பல் நிறங்கள் குப்பி மையில் வருவதில்லை. மைக்கு ஐந்து நிறம் என்று சீன ஓவியர்கள் சொல்வது உரைத்த மையை வைத்துத்தான். உரைத்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். அதில் பசை இருக்கிறது, இரண்டாம் நாள் வாடை வரும். மழைக்காலத்தில் கட்டியின் மேலேயே வெள்ளைப் பூசணம் பூக்கும். ஒவ்வொரு தடவையும் நுனியைத் துடைத்து, காற்றாட வைத்து, பிறகுதான் டப்பாவில் போட வேண்டும்.

குப்பி மை என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு உண்டு. பெய்ஜிங்கின் யிதேகே மாதிரியான எழுத்து மை, ஜப்பானியர்கள் போகுஜூ என்று சொல்லும் திரவ மை, இவை ஒரு வகை. உரைக்கும் வேலை மிச்சம், கருப்பும் நல்ல கருப்பு. நீர் சேர்த்தால் மட்டும் சாம்பல் கொஞ்சம் செத்துப்போய்த் தெரியும். மற்றது நம் எழுதுபொருள் கடையில் கிடைக்கும் வாட்டர்புரூஃப் டிராயிங் இங்க். பேனா வேலைக்கு அருமை. இந்த வகை மையில் பெரும்பாலும் அரக்கு இருக்கும், ஆட்டுமுடித் தூரிகையில் ஒரு தடவை காய்ந்துவிட்டால் தூரிகை குச்சியாகிவிடும். அதற்கு நைலான் தூரிகை தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நானே மை செய்து பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். பாட்டி முறையில் கரி எடுத்து, தச்சர்கள் பயன்படுத்தும் வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சிக் கலந்தேன். விளக்குக் கரி தண்ணீரோடு சேரவே சேராது, மேலே மிதந்துகொண்டு விளையாட்டுக் காட்டும். அம்மியில் முக்கால் மணி நேரம் அரைத்த பிறகு மசிந்தது. பழுப்புக் கருப்பு, கொஞ்சம் திட்டுத்திட்டாக. அதில் வரைந்த பூண்டுப் படம் ஒன்றை இன்றும் வைத்திருக்கிறேன். ஆனால் அம்மியை நாலு நாள் தேய்த்துக் கழுவியதை நினைத்தால் மறுபடி செய்ய மாட்டேன்.

என் முடிவு: முதல் ஆறு மாசம் திரவ எழுத்து மை. கை பழகிய பிறகு ஒரு நடுத்தரக் கட்டி. இரண்டையும் ஒரே நாளில் வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

தூரிகை

இதில் நீட்ட ஒன்றுமில்லை. ஆட்டுமுடி மெத்தென்று நிறைய நீர் பிடிக்கும், ஆனால் துவண்டுவிடும். "ஓநாய் முடி" என்று விற்பது ஓநாயுடையதல்ல, கீரிக்குத் தூரத்து உறவு மாதிரியான வீசல் என்ற பிராணியின் வால்முடி. விறைப்பாக இருக்கும், தண்டுக்கும் நரம்புக்கும் நல்லது. நடுவில் விறைப்பு முடி, சுற்றி ஆட்டுமுடி வைத்த கலப்புத் தூரிகை ஒன்று நடுத்தர அளவில் வாங்கினால் ஒரு வருஷத்துக்குப் போதும். சோப்பு போடாமல் கழுவி, நுனி கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். அந்துப்பூச்சிக்குக் கற்பூரம்.

கீரி முடித் தூரிகை என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வியாபாரமே குற்றம்.

பிரஷ் பேனா பற்றிக் கேட்பார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது வேலியோரச் செடியைக் குறித்துக்கொள்ள அதைவிட வசதியானது இல்லை. சாம்பல் நிறம் அதில் கிடையாது என்பதை மட்டும் ஒப்புக்கொண்டு வாங்க வேண்டும்.

எழுதுவதா, படம் எடுப்பதா

செடியை மையால் வரைவதில் மூன்று மனநிலை உண்டு. பெட்டியைக் காட்டிய பெண் எதற்கு ஆசைப்படுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பலருக்கும் அப்படித்தான்.

ஒன்று தாவரவியல் படம். இலை எத்தனை, காம்பு எங்கே சேர்கிறது, மகரந்தக் கேசரம் எப்படி நிற்கிறது என்று பார்த்தவர் செடியை அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும். இந்த மலைக்கு அதில் பெருமையான வரலாறு இருக்கிறது. ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1840களில் தென்னிந்தியச் செடிகளையும், குறிப்பாக நீலகிரிச் செடிகளையும் பற்றி நூல் வெளியிட்டபோது, படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். கோவிந்துவின் பெயரால் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்தூயியா என்று வைட் பெயர் சூட்டினார். இந்த வழி வேண்டுமென்றால் ஊறாத தாள், கூர்மையான சின்னத் தூரிகை அல்லது பேனா, வாட்டர்புரூஃப் மை. இதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

இரண்டாவது சீனர்கள் கோங்பி என்று சொல்லும் நுண்கோட்டு முறை. மெல்லிய கோட்டில் உருவம் கட்டி, உள்ளே அடுக்கடுக்காக நிறம் ஏற்றுவது. படிகாரப் பதம் போட்ட தாள் வேண்டும், அதைவிடப் பொறுமை வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் உள்ளவளுக்கு ஒரு பூ முடிய இரண்டு மாசம் ஆகும். இதை நான் யாருக்கும் முதலில் சொல்வதில்லை.

மூன்றாவதுதான் அவள் கைபேசியில் பார்த்து மயங்கியது. சியேயி. அந்தச் சொல்லுக்கே "கருத்தை எழுதுதல்" என்று பொருள். மூங்கிலை "வரைந்தான்" என்பதைவிட "எழுதினான்" என்றே அவர்கள் சொல்ல விரும்புவார்கள். நமக்கு இதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? ஓவியம் எழுதினான், சித்திரம் எழுதினாள் என்றுதான் பழைய தமிழும் சொல்கிறது. கண்ணுக்கு மை எழுதுவது என்று இன்றும் சொல்கிறோம். செடியைப் பார்த்துப் பார்த்து மனசுக்குள் ஏற்றிக்கொண்டு, பிறகு கையெழுத்துப் போடுவது போல் ஒரே ஓட்டத்தில் எழுதிவிடுவது. மூங்கிலுக்குப் பேர் போன 18ஆம் நூற்றாண்டு ஓவியர் செங் பான்ச்சியாவ், கண்ணிலிருக்கும் மூங்கில் வேறு, நெஞ்சிலிருக்கும் மூங்கில் வேறு, கையிலிருந்து இறங்கும் மூங்கில் வேறு என்று ஒரு படத்தில் எழுதி வைத்தார். ஊறும் தாளில் இரண்டு வாரம் போராடினால் அந்த வாக்கியம் தானாகப் புரியும்.

நம் மலையிலேயே குறும்பர் பழங்குடியினரின் ஓவியம் இருக்கிறதே, அதை ஏன் கற்கக்கூடாது என்று ஒருவர் கேட்டார். வேங்கைப் பிசினிலும் இலைச்சாற்றிலும் அவர்கள் வரைவது அவர்களுடைய வழிபாட்டோடு பிறந்தது. அவர்கள் சொல்லிக் கொடுத்தால் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். உருவங்களை எடுத்து நம் படத்தில் அலங்காரமாக ஒட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை.

எந்தச் செடியில் தொடங்குவது

பாடப் புத்தகம் மாதிரி நான்கு செடிகளைச் சொல்வார்கள்: பிளம், ஆர்க்கிட், மூங்கில், சாமந்தி. அந்தப் பயிற்சியின் அறிவை எடுத்துக்கொள்ளுங்கள், செடியை இங்கிருந்தே எடுங்கள். ஆர்க்கிட் இலை எழுதும்போது முதல் இலை நீளமாக வளையும், இரண்டாவது அதைக் குறுக்கே வெட்டும், இரண்டுக்கும் நடுவே ஒரு கண் மாதிரி இடைவெளி விழும். அதற்குப் பீனிக்ஸ் பறவையின் கண் என்று பெயர். மூன்றாவது இலை அந்தக் கண்ணை உடைத்துக்கொண்டு போக வேண்டும். இந்த மூன்று இலைப் பாடத்தை நம் புல்மேட்டில் எந்தப் புல்தூரிலும் செய்யலாம். ஆர்க்கிட் தேடிச் சோலைக்குள் போக வேண்டியதில்லை.

எல்லாரும் குறிஞ்சியில்தான் ஆரம்பிக்க நினைக்கிறார்கள். அது தப்பான ஆரம்பம் என்பது என் கட்சி. 2006லும் 2018லும் பூத்தது, அடுத்து 2030ல்தான். அதுவரை போட்டோவைப் பார்த்து வரைய வேண்டும். போட்டோவிலோ மலை முழுக்க நீலம்தான் தெரியும். அந்த அழகு கூட்டத்தில் இருக்கிறது, கருப்பு மையில் கூட்டத்தைப் பிடிக்கப் போனால் கறைதான் மிஞ்சும். ஆனால் சங்கப் புலவர் ஒருவர் அதைக் "கருங்கோற் குறிஞ்சி" என்றார். பூவின் நிறத்தைச் சொல்லாமல் தண்டின் கருமையைச் சொன்னவர் மைக்காரர்களுக்கு வழி காட்டிவிட்டார் என்றே நினைக்கிறேன். பூக்காத வருஷங்களில் அந்தத் தண்டையும், ஓரம் பல்பல்லாக இருக்கும் சொரசொரப்பான இலையையும் எழுதிப் பழகலாம். பூ வரும்போது கை தயாராக இருக்கும்.

முதல் செடியாக நான் சொல்வது மரப்பெரணி. சுருண்டிருக்கும் இளங்கொழுந்து ஒன்று போதும். தூரிகையை நிமிர்த்திப் பிடித்து, நுனி கோட்டின் நடுவிலேயே ஓடும்படி, உள்ளிருந்து வெளியே ஒரே சுழிப்பு. தவறினால் உடனே தெரியும், சரியாக வந்தாலும் உடனே தெரியும். பெரணி பக்கத்தில் இல்லாவிட்டால் முட்டைக்கோஸ். சிரிக்க வேண்டாம், சீன ஓவியர் சி பைஷி (1864–1957) அவர்கள் ஊர்ச் சீனக் கோஸை ஆசை ஆசையாக வரைந்தவர். கோத்தகிரிச் சந்தையில் மலிவு, மேசை மேல் ஆடாமல் உட்காரும், வரைந்து முடித்ததும் பொரியல். கேரட் தழையும் நல்ல பாடம், ஆனால் அது அரை மணியில் வாடிவிடும்.

மூங்கில் இலைப் பாடம் படித்தவர்களுக்கு ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். நம் கற்பூர மரத்து இலை, அதாவது யூகலிப்டஸ், அரிவாள் மாதிரி வளைந்து கீழ்நோக்கித் தொங்கும். மூங்கில் இலைத் தீட்டலைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் அப்படியே வந்துவிடும். 1843ல் விறகுக்காகக் கொண்டுவந்து நட்டது, இன்று மலையின் பாதிக் காட்சியே அதுதான். சோலையைத் தின்ற மரம் என்று எனக்கு அதன்மேல் கோபம் உண்டு. உரிந்து தொங்கும் பட்டையைக் காய்ந்த தூரிகையால் எழுதும்போது மட்டும் அந்தக் கோபம் மறந்துபோகிறது.

காட்டுப்பூவரசு, அதாவது ரோடோடெண்ட்ரான், மார்கழி தையில் சிவப்பாகப் பூக்கும். பூவை விடுங்கள். இலையின் மேல்பக்கம் கரும்பச்சை, அடிப்பக்கம் வெளிறியது. தூரிகையை முதலில் வெளிறிய மையில் முழுக்க நனைத்து, நுனியை மட்டும் அடர்ந்த மையில் தொட்டு, பக்கவாட்டில் சாய்த்து இழுத்தால் ஒரே தீட்டலில் இரண்டு பக்கமும் கிடைக்கும். ஊறும் தாளில் மட்டுமே நடக்கிற வித்தை இது. தேயிலையை இதற்குப் பிறகு எடுக்கலாம். இரண்டு இலை ஒரு கொழுந்து என்று பார்க்க எளிதாகத் தெரிந்தாலும், தளிரின் மினுமினுப்பை மையில் காட்ட எனக்கு இன்னும் வரவில்லை.

உட்கார இடம் என்றால், பெஞ்சும் நிழலும் உள்ளவை இரண்டு: 1848ல் தொடங்கிய ஊட்டி தாவரவியல் பூங்கா, 1874ல் தொடங்கிய குன்னூர் சிம்ஸ் பூங்கா. சீசனில் போகாதீர்கள், உங்கள் தோளுக்குப் பின்னால் இருபது பேர் நின்று செல்ஃபி எடுப்பார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்து லாங்வுட் சோலைக்குப் போவதானால் வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும். பறித்துக்கொண்டு வரும் வேலை எங்குமே வேண்டாம், விழுந்து கிடப்பதே ஒரு நாளுக்குக் காணும்.

மூவாயிரத்தில் என்ன வாங்கினாள்

பாதிக்கு மேல் தாளுக்கே போனது. லோக்தா ஒரு கட்டு, பயிற்சிக்கு மட்டமான ஊறும் தாள் ஒரு சுருள், தபால் அட்டை இருபது. ஒரு கலப்புத் தூரிகை. ஒரு குப்பி எழுத்து மை. மீதிப் பணத்தில் தாளை வைக்க மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல் பைகளும். டப்பாவுக்கா காசு என்று முகம் சுளித்தாள். கார்த்திகை வரட்டும், தெரியும் என்றேன். டிராகன் பெட்டியின் படத்தை இன்னும் கைபேசியிலிருந்து அழிக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

ஆறு மாசம் கழித்து ஒரு மைக்கட்டி வாங்கிக்கொண்டாள். கல் வேண்டாம், அடிப்பாகத்தில் மெருகு பூசாத பீங்கான் தட்டு ஒன்றைக் கவிழ்த்து உரைத்தால் போதும் என்று சொல்லியிருந்தேன். போன ஞாயிறு அவள் வீட்டுக்குப் போனபோது உள்ளே ஒரே சத்தம். பூஜை அறையிலிருந்த சந்தனக் கல்லை எடுத்து மை உரைத்திருக்கிறாள். அந்தக் கல்லின் சொரசொரப்பு அதிகம், கட்டி மாவாக உதிர்ந்து மை மணல் மாதிரி வந்திருந்தது. அவள் அம்மாவுக்கு மையின் தரம் பற்றி அக்கறை இல்லை. "சாமிக்கு இழைக்கிற கல்லுடி அது!" என்று கத்திக்கொண்டிருந்தார். மேசை மேல் லோக்தாத் தாளில் ஒரு பெரணிக் கொழுந்து ஈரமாக இருந்தது. கரகரப்பு மை நாரோடு ஓடி, கொழுந்தின் மேல் இருக்கும் செம்பழுப்பு ரோமம் மாதிரியே படிந்திருந்தது. நான் இதுவரை அந்த ரோமத்தைக் கொண்டுவந்ததில்லை.

"அம்மா, அந்தக் கல்லை நான் கழுவித் தர்றேன்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.